எரியாமல் மிஞ்சிய எண்ணெய்

தம்பி,

நீ பகிடியாகத்தான் கேட்டிருக்கிறாய். நான் பகிடியாகப் பதில் எழுதப் போவதில்லை. உன் கடிதம் தைப்பொங்கல் கழிந்த கையோடு, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு மாசியில் நாள் வைத்திருக்கிறது என்று வாசித்ததும் கண் கலங்கிப்போனது. வசந்தியின் தகப்பன் பகுதி நெல்லியடியில் எங்களுக்குத் தெரிந்த ஆட்கள்தான். நல்ல மனிசர். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னம் உன் புது வேலையைப் பற்றிக் கதைக்க வேண்டும். கரண்ட் விற்கிற கொம்பனியில் சேர்ந்திருக்கிறாய் என்றும், சனம் கரண்டைக் குறைவாகப் பாவிக்க வழி செய்யுங்கள் என்று அந்தக் கொம்பனிக்கே அரசாங்கம் சொல்லியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். உன் மேலதிகாரிகள் கூட்டத்துக்குப் போய்த் தலையாட்டிவிட்டு வந்து, பில்லோடு ஒரு துண்டுக் கடதாசியை வைத்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். "கடைக்காரன் சாமான் வாங்காதே எண்டு சொல்லுவானோ அம்மா? மில்லுக்கு வாற சனத்திட்டை, அரைக்காமல் திரும்பிப் போங்கோ எண்டு நீங்கள் சொல்லுவியளோ?" என்று கேட்டிருக்கிறாய்.

நான் சொன்னேன், தம்பி. இதே அச்சுவேலியில், எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கி, என்னிடம் வாங்குவதைக் குறையுங்கோ என்று சொன்னேன். அதனால் நான் கெட்டுப்போகவும் இல்லை. நீ எண்பத்தாறில் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் போனவன். அதற்குப் பிறகு இங்கே நடந்ததெல்லாம் உனக்குக் கடிதத் துண்டுகளில்தான் தெரியும். பயப்படுவாய் என்று பலதை நான் எழுதவும் இல்லை. இப்போது கொஞ்சம் சண்டை ஓய்ந்து, மனம் ஆறி உட்கார்ந்து எழுத முடிகிறது. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக வாசி.

தொண்ணூறாம் ஆண்டு கரண்ட் நின்றது. ஏதோ கம்பி அறுந்திருக்கிறது, கட்டிவிடுவார்கள் என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் இனி வராது என்று விளங்கியது. மின்கம்பங்கள் சும்மா நின்றன, அவற்றில் காகம் குந்தியது. டீசல் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு இடைக்கிடை வரும். சனம் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்துத் திரி கொளுத்திப் படித்தது, சமைத்தது, பிள்ளை பெற்றது. எங்கள் மில்லும் நின்றுவிட்டது. உன் அப்பா இருந்த காலத்தில் வாங்கிப் பின்வளவில் போட்டிருந்த பழைய எஞ்சின் உனக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் போகிற நாட்களுக்கென்று ஒரு ஜெனரேற்றரையும் அதோடு பெல்ற்றால் இணைத்து வைத்திருந்தார். அவர் செத்து ஆறு வருடமாக அதை ஒருவரும் தொடவில்லை. உன் கணேசன் சித்தப்பா அதைக் கழற்றிப் பூட்டி, மண்ணெண்ணெயில் ஓட வைத்தார். அன்று பின்னேரம் மில்லுக்குள் ஒரு பல்ப் எரிந்தது. ஒழுங்கைச் சனமெல்லாம் படலையடியில் வந்து நின்று பார்த்தது. அவர்கள் நின்று பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நான் மா அரைக்கிற ஆள் இல்லை, வெளிச்சம் விற்கிற ஆள் என்று.

கம்பி இழுத்தோம். விட்டுப்போன வீடுகளில் கிடந்த வயர், பழைய கடையில் தூசி பிடித்துக் கிடந்த வயர் என்று எல்லாம் சேர்த்து, மரத்துக்கு மரம் கட்டி, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கொடுத்தோம். மைம்மல் பொழுதில் எஞ்சினை முடுக்கினால், சனம் சாப்பிட்டுப் படுக்கிற வரைக்கும் எரியும். குண்டு போட வருகிற பிளேனின் சத்தம் கேட்டால் கணேசன் ஒரு சுவிச்சைத் தட்டி முழு ஒழுங்கையையும் இருட்டாக்கிவிடுவார். வீட்டுக்கு வீடு ஓடி விளக்கை அணைக்கிறதைவிட அது சுகம் என்று கிழவர்களே சொன்னார்கள். ஒவ்வொரு வீடும் எத்தனை பல்ப் எரிக்கிறதோ அதற்கேற்றபடி காசு. அது எல்லாருக்கும் விளங்கின கணக்கு.

எண்ணெய்தான் பிரச்சினை. சங்கத்துக்கு வருகிற மண்ணெண்ணெயை ஊருக்குள் பங்கிட ஒரு குழு இருந்தது. தலைவர், மேற்குத் தெருவில் இருக்கிற, றோட்டு வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். நேர்மையான மனிசன், கதை குறைவு, கண்டிப்பு கூட. அவர் ஒரு ஒழுங்கு வைத்தார். போன மாதம் எத்தனை பல்ப்புக்கு வெளிச்சம் கொடுத்தேனோ, அதைப் பார்த்து இந்த மாதத்து எண்ணெய். கூடக் கொடுத்தால் கூட எண்ணெய், குறையக் கொடுத்தால் குறைய. ஊருக்கு வெளிச்சம் பெருக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படி வைத்தார். எண்ணெய் விளக்குக்கு மட்டும்தான், மில் அரைக்கத் தரமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அப்படியொரு ஒழுங்கு இருந்தால் கையில் எஞ்சின் இருக்கிறவள் என்ன செய்வாள்? நான் அதைத்தான் செய்தேன். இரண்டு பல்ப் எடுத்த வீட்டுக்கு மூன்றாவதை மலிவாகக் கொடுத்தேன். நூறு வாற் பல்ப் போடுங்கோ, கண்ணுக்கு நல்லது என்றேன். நவரத்தினம் மாஸ்டர் வீட்டில் இஸ்திரிக்கைப் பெட்டி போட்டார்கள், பேசாமல் விட்டேன். கிழமைக்கு ஒரு நாள் மில் முற்றத்தில் ரீவி வைத்துப் படம் காட்டினேன். மாதக் கடைசியில் குழுவிலிருந்து ஆள் வந்து எண்ணுகிற நேரம், ஆளில்லாத வீட்டு விறாந்தையிலும் பல்ப் எரியும், மாட்டுக் கொட்டிலிலும் எரியும். எண்ணெய் வாங்குவதற்காக எண்ணெயை எரித்தோம். நான் இதைப் பாவமன்னிப்புக் கேட்பதுபோல எழுதவில்லை. கூட விற்றவளுக்குக் கூடத் தருவோம் என்றார்கள், நான் கூட விற்றேன். உன் மேலதிகாரிகளை நினைத்துச் சலித்துக்கொள்ள முன்னம் இதை யோசி. அவர்கள் சோம்பேறிகளாக இருக்கலாம், கெட்டவர்களாகவும் இருக்கலாம். ஆனால் அது தெரிவதற்கு முன்னம், என்ன செய்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்.

இப்படி இருக்கும்போது வடக்குக் கரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தது. கடற்கரை முழுதும் வெறிச்சோடி, பாயும் சட்டிபானையுமாக வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வகுப்புக்கு நாலு குடும்பம், ஐந்து குடும்பம். பள்ளிக்கூடக் கிணறு உவர். வாயில் வைக்கேலாது. நல்ல தண்ணீர் தோட்டத்துக்குள் இருக்கிற கிணற்றில்தான். அங்கேயிருந்து பெண்கள் குடத்தில் சுமந்தார்கள். தோட்டக்காரன் நல்லவன், கிணற்றையும் விட்டான், தன் தண்ணீர் மெசினையும் தாறன், குழாய் போட்டுப் பள்ளிக்கூடத் தொட்டிக்கு இறையுங்கோ என்றான். மெசினுக்கு ஊற்ற எண்ணெய் மட்டும் வேண்டும். குழுவிடம் எண்ணெய் இல்லை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது.

என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சங்கக்கடை மண்டபத்தில், பகலில், ஊர் முழுக்க இருந்தது. ஓவசியர் எழும்பி, எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, உம்மிலை எனக்குக் கோவமில்லை. ஆனா அந்தச் சனம் தண்ணிக்குத் தவிக்குது. நீர் மாட்டுக் கொட்டிலுக்கு லைற் போடுறீர். உமக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ?"

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் நான் குனியவில்லை. "இருக்கு ஐயா," என்றேன். "மனச்சாட்சிப்படி நான் இந்த மாசம் பாதி லைற்றை நிப்பாட்டினா, வாற மாசம் நீங்கள் எனக்குப் பாதி எண்ணெய்தான் தருவியள். மற்ற மாசம் அதிலையும் பாதி. பிறகு என்னட்டை எஞ்சினும் இல்லை, உங்களுக்கு லைற்றும் இல்லை. ஒழுங்கு வைச்சது நீங்கள். என்ரை மனச்சாட்சியைப் பிடிச்சு இழுக்கிறதை விட்டிட்டு அந்த ஒழுங்குமுறையை மாத்துங்கோ."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. ஓவசியர் என்னை உற்றுப் பார்த்தார். "எப்பிடி மாத்த?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, அறிய விரும்பித்தான் கேட்டார். அதற்காகவே அந்த மனிசனை எனக்குப் பிடிக்கும்.

நான் அங்கே நின்றபடியே யோசித்துச் சொன்னது இதுதான். பல்ப் எண்ணுவதை விடுங்கோ. எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறேன் என்று பாருங்கோ. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு அளவு வைத்து எண்ணெயைத் தாருங்கோ. சனமும் பல்ப்புக்கு இல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று தரட்டும். அந்த வீடுகளுக்கெல்லாம் குறைவில்லாத வெளிச்சம் கொடுத்த பிறகு, தந்த எண்ணெயில் மிஞ்சினால், மிஞ்சியதில் பாதி பள்ளிக்கூடத் தண்ணீர் மெசினுக்கு. மற்றப் பாதி எனக்கு.

"உமக்கோ?" என்றார் ஓவசியர். "உமக்கு என்னத்துக்கு? தவிக்கிற சனத்துக்குப் போறதிலை உமக்குப் பங்கோ?"

"மில் அரைக்க. சனம் உரலிலை இடிச்சுக் கை புண்ணாகிக் கிடக்கு. எனக்கும் பிழைப்பு வேணும்."

"முழுக்கத் தண்ணிக்குத் தந்தா என்ன?"

"ரெண்டு மாசத்துக்குத் தருவன் ஐயா. புண்ணியமெண்டு தருவன். மூண்டாம் மாசம் எனக்கு அலுத்துப்போம். கணேசனுக்கு முதல் மாசமே அலுத்துப்போம். ஒவ்வொரு வீடாப் போய் மிச்சம் பிடிக்கிறது லேசான வேலை இல்லை."

ஆட்கள் சிரித்தார்கள். கணேசன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் எழும்பினாள். கரையிலிருந்து வந்தவள், பெயர் புவனம், பள்ளிக்கூடத்தில் இருக்கிற குடும்பங்களுக்காகக் கதைக்க வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. "அந்த அக்காவுக்குப் பங்கு குடுங்கோ ஐயா," என்றாள். "எங்கடை கரையிலை வலை இழுக்கிற எல்லாருக்கும் மீனிலை பங்கு இருக்கு. பங்கில்லாமல் ஒருத்தன் ஒரு நாள் இழுப்பான். அடுத்த நாள் வரமாட்டான். எங்களுக்குத் தண்ணி ஒரு நாளைக்கு இல்லை, ஒவ்வொரு நாளும் வேணும்."

அதோடு முடிந்தது. ஓவசியர் சம்மதித்தார்.

அடுத்த நாளே நானும் கணேசனும் ஒழுங்கையில் இறங்கினோம். தம்பி, என் சீவியத்தில் இவ்வளவு சந்தோசமாக நான் வேலை செய்ததில்லை. அதுவரைக்கும் மில்லுக்குள் இருந்தபடி கம்பி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அது போய் என்ன செய்கிறது என்று எனக்கு அக்கறையில்லை. இப்போதுதான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், யார் எங்கே இருந்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். முகட்டில் தொங்குகிற நூறு வாற் பல்ப் முகட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, நாற்பது வாற் போட்டு, மேசைக்கு மேலே இறக்கிக் கட்டினோம். கரி பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னோம், சுண்ணாம்பும் நானே கொடுத்தேன். ரியூப் லைற் எங்கே கிடந்தாலும் தேடி எடுத்து, பல்ப்பைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினோம். குசினிக்கும் அறைக்கும் நடுச்சுவரில் மேலே ஒரு கல்லைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஒரு பல்ப்பை வைத்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும். அந்த யோசனை கணேசனுடையது. சுவரில் ஓட்டை போட விடமாட்டோம் என்று நின்ற பெண்கள்கூடப் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுத் தாங்களே வந்து கூப்பிட்டார்கள்.

நவரத்தினம் மாஸ்டர் மட்டும் லேசில் விடவில்லை. படலையைத் திறக்காமலே நின்று கதைத்தார்.

"இந்த மனிசி போன மாசம் மூண்டாவது பல்ப் எடு எண்டு நிண்டது. இந்த மாசம் ரெண்டைக் கழட்டு எண்டு நிக்குது. இதுக்குள்ளை என்னவோ இருக்கு."

"இருக்கு மாஸ்டர்," என்றேன். "எண்ணெய் மிஞ்சினா எனக்குப் பங்கு."

"பாத்தியளோ, சொன்னனான்."

"பள்ளிக்கூடத்துத் தண்ணிக்கும் பங்கு. உங்களுக்கு வெளிச்சம் குறையாது. குறைஞ்சா எனக்கு ஒரு சதமும் தரவேண்டாம்."

மாஸ்டர் படலைக் கொளுக்கியில் கை வைத்தார். "ஒளிக்காமல் சொன்னபடியாத் திறக்கிறன்," என்று சொல்லிப் படலையைத் திறந்தார். அன்று முழுக்க எங்களோடு நின்று பல்ப்பெல்லாம் துடைத்தார். இஸ்திரிக்கைப் பெட்டியை அவர் மனிசி தானே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தா. சிரட்டைக் கரி போடுகிற பழைய பெட்டி ஒன்று அவவிடம் இருந்தது. உன் கொம்பனியில் இதை ஞாபகம் வைத்துக்கொள். குறையப் பாவியுங்கோ என்று விற்கிறவனே வந்து சொன்னால் சனம் சந்தேகப்படும், அது நியாயம்தான். உங்களுக்கு அதில் என்ன இலாபம் என்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடுங்கோ. மூடி வைத்தால் துண்டுக் கடதாசிதான் போகும், படலை திறக்காது.

முதல் மாதம் எண்ணெய் மிஞ்சியது. பள்ளிக்கூடத் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. நான் பார்க்கப் போனேன். குழாய் வாயில் முதலில் காற்றுத்தான் வந்தது, பிறகு கொஞ்சம் கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். பெண்கள் ஒருவரும் முண்டியடிக்கவில்லை. புவனம் தன் குழந்தையைத் தூக்கி அதற்குக் கீழே பிடித்தாள். அது வீரிட்டுக் கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். மில்லிலும் கல் சுற்றியது. பல மாதத்துக்குப் பிறகு அரிசிமா வாசம் என் சீலையில் ஏறிய நாள் அது.

எல்லாம் ஒரே சீராகப் போனது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். மிச்சம் பிடிக்கிறதில் கணேசன் ருசி கண்டுவிட்டார். பின்னேரங்களில் எஞ்சினைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டார். மெதுவாக ஓடினால் எண்ணெய் குறையும், பல்ப்பும் மஞ்சளாகிப் பழுத்த பழம்போல எரியும். எனக்கு அவர் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து முறைப்பாடு வந்த பிறகுதான் போய்ப் பிடித்தேன். "மச்சாள், மிச்சம் பிடி எண்டு நீங்கள்தானே சொன்னியள்," என்றார். அவரை நான் ஏசவில்லை. எங்கள் ஒழுங்கில் ஒரு ஓட்டை இருந்தது, அவர் அதைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான். நானே குழுவிடம் போய்ச் சொல்லி அதை அடைத்தேன். மாஸ்டர் ஒரு வழி சொன்னார். பஞ்சாங்கத்தை விளக்குக்குக் கீழே கை நீட்டிப் பிடித்தால், அதில் இருக்கிற பொடி எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த வீட்டுக்குரிய அன்றைய எண்ணெயைக் குழு எனக்குத் தராது. அதற்குப் பிறகு மைம்மலில் ஒழுங்கையில் நடந்தால், வீட்டுக்கு வீடு ஆட்கள் பஞ்சாங்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். கணேசனும் எஞ்சினை ஒழுங்காக ஓடவிட்டார்.

ஆனால் எல்லாம் முறிந்துபோகப் பார்த்தது அதனால் இல்லை. நல்லாக நடந்ததால்தான் முறியப் பார்த்தது. இதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். சில மாதம் போனது. வீடுகளில் செய்ய வேண்டிய வேலையெல்லாம் செய்து முடித்து, எண்ணெய் வடிவாக மிஞ்சத் தொடங்கியிருந்தது. ஒரு காலை ஓவசியர் மில்லுக்கு வந்தார். சந்தோசமாக இருந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"நீர் கெட்டிக்காரி. இவ்வளவு குறைய எண்ணெயிலை ஒழுங்கை முழுக்க லைற் குடுக்கலாம் எண்டு காட்டிப்போட்டீர். அப்ப வாற மாசத்திலை இருந்து உமக்கு அந்தளவு தந்தாப் போதும்தானே. மிச்சத்தைக் குழுவே வைச்சிருக்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் என்னை ஏமாற்ற வரவில்லை. உண்மையாகவே அது நியாயம் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். குறைந்த எண்ணெய் போதும் என்று தெரிந்த பிறகு ஏன் கூடத் தர வேண்டும்? நானும் அவர் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

"ஐயா," என்றேன், "அப்ப நான் கெட்டிக்காரியா இருந்ததுக்கு எனக்குக் கிடைக்கிறது, மில் திரும்பியும் நிக்கிறது. அப்பிடியோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இப்ப நான் என்ன செய்யவேணும் தெரியுமோ? நாளைக்கே நூறு வாற்றைத் திரும்பப் பூட்டவேணும். எண்ணெய் காணாது, காணாது எண்டு உங்கடை வாசலிலை வந்து அழவேணும். அப்பதான் நீங்கள் தாறதைக் குறைக்க மாட்டியள். கஷ்டப்பட்டு மிச்சம் பிடிச்சவளுக்குக் குறைச்சு, மிச்சம் பிடிக்காதவளுக்குக் குறைக்காமல் விட்டா, இந்த ஊரிலை இனி ஒருத்தி மிச்சம் பிடிப்பாளோ?"

"அதுக்காக எண்டைக்கும் அதே அளவு தரச் சொல்லுறீரோ?"

"எண்டைக்கும் வேண்டாம். ஒரு வருசத்துக்கு அந்த அளவிலை கை வைக்காதேயுங்கோ. வருசம் முடிய ரெண்டு பேரும் இருந்து கதைச்சு, ஊருக்குச் சேரவேண்டியதை ஊருக்கு எடுங்கோ. நான் பட்ட பாட்டுக்கு ஒரு வருசமாவது பலன் வேணும். நடு வழியிலை வந்து கதையை மாத்தாதேயுங்கோ. அவ்வளவுதான்."

அவர் சுற்றுகிற மில் கல்லைப் பார்த்தபடி இருந்தார். இந்த மனிசன் மாட்டேன் என்று எழும்பிப் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நினைத்தால் எஞ்சினை நிப்பாட்டவும் மனம் வராது. ஆனால் அதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். "உம்மடை மனிசன் இருந்திருந்தா என்னோடை இப்பிடிக் கதைச்சிருக்க மாட்டான்," என்றார். "ஆனா நீர் சொல்லுறதிலை பிழை இல்லை. ஒரு வருசம். சபையிலை நானே சொல்லுறன்." சொன்னபடி சபையில் சொன்னார். வருடம் முடிந்ததும் மறக்காமல் வந்து, அளவைக் கொஞ்சம் குறைத்தார். நானும் முகம் சுழிக்காமல் விட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து இன்று வரைக்கும் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் நடக்கிறது. கரவெட்டிப் பக்கத்திலும் ஒரு ஊரில் எங்களைப் பார்த்து இதே ஒழுங்குமுறையை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே உன் அலுவலகத்தில் யாராவது உன்னிடம் யோசனை கேட்டால், கேட்காவிட்டாலும் நீயாகவே, இதைச் சொல்லு. கூட விற்றால்தான் உழைப்பு என்று இருக்கும்வரை ஒருவனும் குறைய விற்க மாட்டான், எத்தனை கடதாசி அடித்தாலும். முதலில் அவன் பிழைப்பை விற்பனையிலிருந்து பிரித்து எடுங்கோ. பிறகு மிஞ்சுவதில் அவனுக்கும் பங்கு கொடுங்கோ, சனத்துக்கும் பங்கு கொடுங்கோ. வெளிச்சம் மங்குகிறதா என்று சனத்தையே பார்க்க விடுங்கோ. அவன் மிச்சம் பிடித்ததைக் காட்டியே அவனைத் தண்டிக்காதேயுங்கோ. நீ பெரிய படிப்புப் படித்தவன், இதற்கெல்லாம் உங்களிடம் பெரிய பெயர்கள் இருக்கும். பெயர் எதுவாக இருந்தாலும் விசயம் இதுதான். நான் நாலு வருடமாகச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இனி வசந்தியைப் பற்றி. கல்யாணம் முடிக்கிற பிள்ளைக்குத் தாய் என்ன எழுதுவாள் என்று நீ நினைத்திருப்பாயோ, அதை எழுத எனக்கு வராது. எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். நான் முடித்து வந்த புதிதில், அறுவடைக் காலத்தில் மில்லில் ஆட்களுக்குச் சமைக்க ஆள் வரவில்லை. நான் போய் நின்று சமைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். அடுத்த வருடம் அறுவடை வர முன்னமே உன் அப்பா ஒரு சமையல்காரியைத் தேடிப் பிடித்து வைத்துவிட்டார். நான்தான் இருக்கிறேனே என்றேன். "நீர் அண்டைக்குச் செய்தது உதவி. அதை நான் உம்மடை வேலை ஆக்கிப்போட்டா, பிறகு நீர் எனக்கு ஒரு நாளும் உதவி செய்யேலாது," என்றார். அவர் படித்த மனிசன் இல்லை. ஆனால் ஓவசியருக்கு ஒரு காலை முழுக்க நான் விளங்கப்படுத்தியதை அவர் தானாகவே தெரிந்து வைத்திருந்தார். வசந்தி உனக்காக ஒரு நாள் கூடுதலாக ஒரு வேலை செய்தால், அடுத்த நாளிலிருந்து அதை அவளுடைய கடமைக் கணக்கில் சேர்த்துவிடாதே. நீ அவளுக்காகச் செய்வதையும் அவள் அப்படிச் சேர்க்க விடாதே. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், களைத்து வருவீர்கள். எது மிஞ்சினாலும், நேரமோ, காசோ, பொறுமையோ, அதில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு நான் வரேலாது. பாதை, பாஸ், விசா என்று அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அதை நினைத்து நீ மணவறையில் முகம் வாடி இருக்காதே. கூறைச் சேலை எடுக்கக் கொழும்பிலுள்ள உன் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். தாலிக்கொடியும் அவவிடம்தான் இருக்கிறது, உன் பக்கம் வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புவா.

அன்றைக்கு இங்கே நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்கிறேன். என் பங்கு எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். வானத்தில் இப்போது பிளேன் இல்லை. உன் கல்யாண நாளன்று பொழுதுபட, ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இருக்கிற பல்ப் எல்லாவற்றையும், விறாந்தை, முற்றம், படலை என்று எரிக்கப் போகிறோம். பள்ளிக்கூடத்துக்கும் அன்றைக்கு ஒரு கம்பி இழுக்கிறோம். புவனமும் மற்றப் பெண்களும் பலகாரம் சுட வருகிறார்கள். குழுவுக்கு மரியாதைக்காக ஓவசியரிடம் போய்க் கேட்டேன். எண்ணெயை வீணாக்குகிறேன் என்று ஏசுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மிச்சம் பிடிச்சது நீர். அது உம்மடை எண்ணெய் பிள்ளை. உம்மடை பிள்ளைக்கு எரிக்கிறதுக்கு என்னட்டை என்ன கேள்வி?"

அம்மா.